கதிர்வீச்சு சிகிச்சையின்போது குளிக்கலாமா, நீந்தலாமா?

கரன்ட் வைக்க, அதாவது கதிர்வீச்சு சிகிச்சை தரத் தொடங்கிய நாளிலிருந்து உடம்பில் தண்ணீரே படக்கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதும், அதைக் கேட்டு நோயாளி ஒன்றரை மாதம் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே காலந்தள்ளுவதும் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து வீடுகளில் இன்றும் நடக்கின்றன. இதற்கு நேர்மாறாக, சிகிச்சையின் நடுவில் ஆடிப்பெருக்கு வந்துவிட்டதென்று ஒகேனக்கல்லுக்குப் போய், எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் நிற்பவர்களும் உண்டு. இரண்டும் தவறு. குளியல் எல்லோருக்கும் வேண்டும். நீச்சல் சிலருக்குச் சில காலம் வரை ஆகும், பலருக்கு ஆகாது. அதை எதை வைத்து முடிவு செய்வது, கதிர் படும் தோலை அன்றாடம் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதே இந்தக் கட்டுரை. இதில் எழுதியிருப்பது எதுவானாலும், உங்கள் உடம்பை நேரில் பார்த்து உங்கள் கதிர்வீச்சு மருத்துவர் சொல்வதற்கு அடுத்த இடம்தான் இதற்கு.

தோலுக்குள் என்ன நடக்கிறது

வெளியிலிருந்து கதிர் செலுத்தும் சிகிச்சை பொதுவாகத் திங்கள் முதல் வெள்ளி வரை, வாரத்துக்கு 5 நாள் நடக்கும். மார்பகத்துக்கு இப்போது பல மருத்துவமனைகளில் 15 தடவையில், அதாவது 3 வாரத்தில் முடித்துவிடுகிறார்கள். வாய், தொண்டைப் புற்றுக்கு 6 அல்லது 7 வாரம் ஆகும். கருப்பைவாய்ப் புற்றுக்கு ஏறத்தாழ 5 வாரம் வெளிக்கதிரும், அதையொட்டி உள்ளே கருவி வைத்துத் தரும் கதிர்வீச்சும் இருக்கும்.

தோலின் மேலடுக்கு ஓயாமல் உதிர்ந்துகொண்டும், அடியடுக்கில் பிறக்கும் புதுச் செல்களால் ஈடு செய்யப்பட்டுக்கொண்டும் இருக்கிறது. கதிர் அந்த அடியடுக்கின் பிறப்பைத் தடுப்பதால், ஏற்கனவே மேலே இருக்கும் தோல் உதிரும்வரை வெளியில் ஒன்றும் தெரிவதில்லை. அதனால்தான் முதல் 10 நாள் ‘எனக்கு ஒன்றுமே ஆகவில்லை’ என்று சொல்பவர், மூன்றாம் வாரத்தில் அரிப்பும் எரிச்சலுமாக வந்து நிற்கிறார். பாதிப்பு சிகிச்சை முடியும் நாளோடு நின்றுவிடுவதும் இல்லை. முடிந்த பிறகு ஒன்றிரண்டு வாரத்தில்தான் அது உச்சத்துக்குப் போகும், அதன் பிறகே ஆறத் தொடங்கி, பெரும்பாலானவர்களுக்குச் சிகிச்சை முடிந்து ஒரு மாதத்துக்குள் ஆறிவிடும். நீச்சலைப் பற்றி யோசிப்பவர்கள் இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் ‘கடைசிக் கரன்ட் முடிந்துவிட்டது, இனிக் கிணற்றில் இறங்கலாம்’ என்று நினைக்கும் அந்த வாரமே தோல் மிகவும் பலவீனமாக இருக்கும் வாரம்.

கதிர் உடம்பின் ஆழத்துக்குப் போகும் சிகிச்சைகளில், உதாரணமாகப் பல திசைகளிலிருந்து சிறிது சிறிதாகக் கதிர் செலுத்தும் புராஸ்டேட் சிகிச்சையில், தோலில் மாற்றம் அநேகமாகத் தெரியாது. கழுத்து, மார்பகம், அக்குள், தொடையிடுக்கு, ஆசனவாய்ப் பகுதி ஆகியவற்றில்தான் அதிகமாகத் தெரியும். பழைய கோபால்ட் இயந்திரத்தில் கதிரின் முழு வேகமும் தோலுக்கு அரை சென்டிமீட்டர் அடியிலேயே விழுந்துவிடும். இன்று பரவலாக உள்ள, மின்சாரத்தால் கதிரை உண்டாக்கும் லினாக் இயந்திரத்தில் அது இன்னும் ஆழத்தில் விழுவதால் மேல்தோல் ஓரளவு தப்புகிறது. எந்த இயந்திரத்தில் சிகிச்சை நடக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வதில் தவறில்லை.

கையேடுகளில் ‘தோல் சிவக்கும்’ என்று அச்சிட்டிருப்பார்கள். நம்முடைய மாநிறத்திலும் கருநிறத்திலும் சிவப்பைத் தேடிக்கொண்டிருந்தால் தொடக்க நிலையைத் தவறவிட்டுவிடுவோம். கதிர் படும் இடம் சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்துப்போவது, பளபளவென்று இறுகித் தெரிவது, புறங்கையை வைத்துப் பார்த்தால் சூடாக இருப்பது, அரிப்பது ஆகியவையே நம் தோலில் முதல் அடையாளங்கள். அடுத்து உலர்ந்த செதில் செதிலாக உரியும். அதையும் தாண்டினால், மடிப்புகளில் மேல்தோல் கழன்று இளஞ்சிவப்பான ஈரப்பரப்பு தெரியும், நீர் கசியும். இந்தக் கடைசி நிலை வந்துவிட்டால் நீச்சல் என்ற பேச்சுக்கே இடமில்லை.

குளிக்கத்தான் வேண்டும்

கழுவக்கூடாது என்ற அறிவுரை ஒரு காலத்தில் மருத்துவமனைகளிலேயே சொல்லப்பட்டதுதான். வீட்டுப் பெரியவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கனடாவில் மார்பகச் சிகிச்சை பெற்ற பெண்களை இரு பிரிவாக்கி ஒப்பிட்டு 2001ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், கழுவாமல் இருந்தவர்களில் 33 விழுக்காட்டினருக்கு நீர்க்கசிவுப் புண் வந்தது. மிதமான நீரும் சோப்பும் கொண்டு கழுவியவர்களில் 14 விழுக்காட்டினருக்குத்தான் வந்தது. வேர்வையும் அழுக்கும் மடிப்புகளில் தங்கினால் தோல் இன்னும் மோசமாகும் என்பது நம் சித்திரை வெயிலில் ஆய்வு இல்லாமலே விளங்கக்கூடியதுதான்.

குளியலுக்கு வெதுவெதுப்பான நீர் போதும். அண்டாவில் ஆவி பறக்கக் காய்ச்சி ஊற்றிக்கொள்ளும் பழக்கத்தை இந்த இரண்டு மாதம் விட்டுவிட வேண்டும், ஏனெனில் கதிர் பட்ட தோல் சூட்டைச் சரியாக உணராமலும் போகலாம், எளிதில் வெந்தும் போகலாம். சொம்பில் எடுத்துத் தோளுக்கு மேலிருந்து மெதுவாக ஊற்றினால் நீர் வழிந்து செல்லும்போதே கழுவிவிடும். ஷவரின் அழுத்தமான வீச்சை நேராக அந்த இடத்தில் காட்டக்கூடாது. வாசனையில்லாத, மென்மையான சோப்பை உள்ளங்கையில் நுரைத்து, அந்த நுரையை மட்டும் கையால் தடவி அலசிவிடுங்கள். பீர்க்கங்கூடு, நார், தேய்ப்புக்கல், நைலான் வலை ஆகிய எதுவும் கதிர் படும் இடத்தின் பக்கம் வரக்கூடாது. தலைக்குச் சிகிச்சை பெறுபவர்கள் சீயக்காயையும் அரைப்பையும் ஒதுக்கிவிட்டுக் குழந்தைகளுக்கான ஷாம்புவை நீர்த்துப் பயன்படுத்தலாம்.

நம் மாவட்டங்களின் போர் தண்ணீர் கடினமானது. சோப்பு சரியாக நுரைக்காது, அலசிய பிறகும் ஒரு படலம் தோலில் ஒட்டிக்கொண்டிருக்கும், அது காய்ந்தால் இழுக்கும், அரிக்கும். வீட்டுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருகிறதென்றால் கடைசி இரண்டு சொம்பு அந்தத் தண்ணீராக இருக்கட்டும். போர் தண்ணீரில் ஃபுளோரைடு இருப்பதால் தோல் கெடுமோ என்று சிலர் அஞ்சுகிறார்கள். ஃபுளோரைடு பல்லையும் எலும்பையும் பாதிப்பது குடிப்பதாலும் சமைத்து உண்பதாலும்தான், மேலே ஊற்றிக்கொள்வதால் அல்ல.

துடைப்பதில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். துண்டை இரு கையாலும் பிடித்து முதுகில் அரக்கித் துடைப்பது நமக்குக் கைவந்த பழக்கம். அதை விடுத்து, பழகித் தேய்ந்து மெத்தென்று இருக்கும் பழைய பருத்தி வேட்டித் துணியை மெதுவாக ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். மார்புக்கு அடியிலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் ஒற்றிய பிறகு, மின்விசிறிக் காற்றில் சில நிமிடம் விட்டால் முழுதாகக் காய்ந்துவிடும். முடி காயவைக்கும் இயந்திரத்தின் சூடான காற்று வேண்டாம்.

சிகிச்சைக்கு உடம்பில் போட்டிருக்கும் மைக்கோடுகள் தேய்த்தால் அழிந்துவிடும். அவை அழிந்தால் வீட்டிலேயே பேனாவால் திரும்ப வரையக்கூடாது, ஒரு சில மில்லிமீட்டர் விலகினாலும் கதிர் விலகும். மறுநாள் இயந்திர அறையில் இருக்கும் டெக்னீஷியனிடம் ‘சார், இந்தக் கோடு மங்கிவிட்டது’ என்று சொன்னால் அவரே பார்த்து வரைந்துகொள்வார். பச்சை குத்திய புள்ளி வைத்திருந்தாலோ, முகமூடி அச்சு செய்து அதன்மேல் குறியிட்டிருந்தாலோ இந்தக் கவலை இல்லை.

எந்தத் தண்ணீரில் இறங்கலாம்

நீந்துவதற்கு முன் மூன்றைப் பார்க்க வேண்டும்: தோல் முழுதாக இருக்கிறதா, தண்ணீர் எப்படிப்பட்டது, உடம்பில் குழாயோ ஆறாத தையலோ இருக்கிறதா. மூன்றும் சரியாக இருந்து மருத்துவரும் ஒப்புக்கொண்டால், முதல் ஒன்றிரண்டு வாரங்களில் நன்கு பராமரிக்கப்படும் குளோரின் குளத்தில் சிறிது நேரம் நீந்துவதில் தடையில்லை. சிகிச்சையால் வரும் அசதிக்கு, முழுதாகப் படுத்துக் கிடப்பதைவிட இலேசான உடற்பயிற்சி உதவுகிறது என்பதும் உண்மை. நீச்சல் பழக்கமுள்ளவருக்கு அது மனத்துக்கும் நல்லது. ஆனால் புதிதாக நீச்சல் கற்கும் காலம் இதுவல்ல.

குளோரின் தோலின் இயற்கையான எண்ணெய்ப் பசையை எடுத்துவிடும். ஏற்கனவே காய்ந்து செதிலாகத் தொடங்கிய தோலை அது எரிக்கும். எனவே ஒருமுறை இறங்குவது கால்மணி, இருபது நிமிடத்தோடு நிற்கட்டும். இறங்குமுன் உடம்பை நனைத்துக்கொள்ளுங்கள். ஏறியவுடன் குழாய் நீரில் நன்றாக அலசி, ஈர உடையை உடனே மாற்றி, ஒற்றித் துடைத்து, மருத்துவர் எழுதிய களிம்பைத் தடவுங்கள். நனைந்த லைக்ரா உடையும், பெண்கள் பலர் அணிந்தபடியே இறங்கும் நைட்டியும் சுடிதாரும், தோலோடு ஒட்டி அக்குளிலும் மார்படியிலும் உராய்வதுதான் தண்ணீரைவிட அதிகக் கெடுதல் செய்கிறது. ஓசூர்ப் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளின் குளங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குளோரின் நெடி மூக்கைத் துளைத்தால் குளம் சுத்தமாக இருக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் அந்த நெடி, குளோரின் வேர்வையோடும் சிறுநீரோடும் கலந்து உண்டாகும் வேறு சேர்மங்களின் நெடி. கண் எரிந்து நெடி வீசும் குளத்திலும், அடித்தளம் தெளிவாகத் தெரியாத குளத்திலும் இறங்க வேண்டாம். குளத்தைப் பார்த்துக்கொள்பவரிடம் அன்றைய அளவைக் கேளுங்கள். குளோரின் 1 முதல் 3 பிபிஎம் வரையும், பிஹெச் 7.2 முதல் 7.8 வரையும் இருந்தால் சரி.

கிணறு, ஏரி, ஆறு ஆகியவற்றுக்கு என் பதில் ஒரே சொல்தான்: வேண்டாம். கிருஷ்ணகிரி அணையானாலும், பாரூர் ஏரியானாலும், தென்பெண்ணையானாலும், காவிரியேயானாலும் அந்த நீரில் கிருமிகள் உண்டு. நலமான தோல் அவற்றைத் தடுக்கும், கதிர் பட்ட தோல் தடுக்காது. எலிக்காய்ச்சல் கிருமி தோலின் சிறு கீறல் வழியாகவே உள்ளே போகக்கூடியது. கதிர்வீச்சோடு வாரந்தோறும் கீமோ மருந்தும் ஏறுகிறதென்றால் இரத்த வெள்ளணுக்கள் குறைந்திருக்கும், சாதாரணத் தொற்றும் உயிருக்கு ஆபத்தாகலாம். ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையிலிருந்து வெளியேறும் நீரில் அடிக்கடி வெண்ணுரை பொங்கிப் போவதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். ஆலைக் கழிவும் சாக்கடையும் கலந்த அந்தத் தண்ணீர் யாருக்குமே ஆகாது.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுத்தமானது என்பவர்களுக்கு இன்னும் சில காரணங்கள் உண்டு. தோட்டத்துக்குப் போட்ட உரமும் அடித்த மருந்தும் மழையோடு கிணற்றுக்குத்தான் வருகின்றன. மேட்டிலிருந்து குதிக்கும்போது தண்ணீர் மார்பில் அறைவது போல விழும். சுரைக்குடுக்கையையோ பிளாஸ்டிக் கேனையோ கயிற்றால் மார்பில் கட்டினால் கயிறு சரியாகக் கதிர் படும் இடத்தில்தான் அறுக்கும். இதையெல்லாம்விட, சிகிச்சையின் நான்காம் ஐந்தாம் வாரத்தில் வரும் அசதி எதிர்பாராமல் கை கால்களைத் தளரவிடும். படியில்லாத கிணற்றில் அந்தத் தளர்ச்சி என்ன செய்யும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஒகேனக்கல் அருவிக்கு வருவோம். பரிசலில் ஏறுவதற்குத் தடையில்லை. தலையில் தொப்பி, உடம்பை மூடிய பருத்திச் சட்டை, காலை நேரம் என்று பார்த்துக்கொண்டால் போதும். அங்குள்ள எண்ணெய் மசாஜ் மட்டும் எந்த வகையிலும் கூடாது. கதிர் படும் தோலைப் பிடித்து அழுத்தித் தேய்ப்பது, யார் யாருக்கோ தேய்த்த கை, முகம் தெரியாத எண்ணெய், அதன் மேல் அருவியின் அடி என்று தோலுக்கு ஆகாத எல்லாம் அங்கே ஒன்றாகச் சேர்கின்றன. ‘கதிர் படாத காலில் மட்டும் தேய்க்கட்டுமே’ என்று ஒருவர் கேட்டால் மறுக்க என்னிடம் வலுவான காரணம் இல்லை, ஆனால் அந்தப் பாறையில் உட்கார்ந்த பிறகு காலோடு நிறுத்துபவர் எத்தனை பேர்? ஆடி 18 அன்று ஆற்றில் முழுகும் வழக்கமுள்ள குடும்பமானால், அந்த ஆண்டு நோயாளிக்கு வீட்டில் குளியலும், காய்ச்சி ஆறவைத்த நீரைத் தலையில் தெளிப்பதும் போதுமென்று பெரியவர்களே முன்வந்து சொல்லிவிட்டால் பிரச்சினை இல்லை. தீர்த்தமலைக்குப் போகிறவர்களுக்கும் இதுவே பொருந்தும். கையில் வாங்கித் தெளித்துக்கொள்ளலாம், வழியும் நீரில் நிற்க வேண்டாம்.

சில நிலைகளில் எந்தக் குளமும் கூடாது. கழுத்தில் மூச்சுத்துளை போட்டவர்களுக்கு நீச்சல் உயிராபத்து, அவர்கள் குளிக்கும்போதே துளைக்குள் நீர் போகாமல் காத்துக்கொள்ள வேண்டும். கையில் நீண்ட நரம்புக்குழாய், மூக்கில் உணவுக்குழாய், சிறுநீர்க்குழாய் இருப்பவர்களும், அறுவைத் தழும்பு முழுதாக மூடாதவர்களும் இறங்கக்கூடாது. இடுப்புப் பகுதிக்குச் சிகிச்சை பெறுவோருக்கு வயிற்றுப்போக்கு சகஜம். அது இருக்கும்வரை பொதுக்குளத்தில் இறங்காதிருப்பது மற்றவர்களுக்காகவும்தான்.

குழந்தைகளை வைத்துக்கொண்டு ஒரே குளத்தில் இறங்கினால் அவர்கள் மேல் கதிர் படுமா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. படாது. இயந்திரம் நின்றதும் கதிர் நின்றுவிடும், உடம்பில் எதுவும் தங்காது. பேரனை மடியில் வைத்துக்கொள்ளலாம், சேர்ந்து நீந்தலாம். கருப்பைவாய்க்கு உள்ளே கருவி வைத்துச் சிகிச்சை தந்து அதை எடுத்துவிட்ட பிறகும் அப்படியே. தைராய்டு புற்றுக்கு வாய்வழியாகக் கதிரியக்க அயோடின் உட்கொண்டவர்கள் இதற்கு விலக்கு. அவர்களுடைய வேர்வை, எச்சில், சிறுநீர் வழியே சில நாட்கள் அது வெளியேறிக்கொண்டிருக்கும் என்பதால், மருத்துவமனை சொல்லும் நாள்வரை பொதுக்குளத்தையும் குழந்தைகளின் நெருக்கத்தையும் தவிர்க்க வேண்டும்.

களிம்பு, மஞ்சள், உடை

மருத்துவர் எழுதித் தரும் ஈரப்பதக் களிம்பை முதல் நாளிலிருந்தே தடவத் தொடங்குவது நல்லது. மெல்லிய படலமாகத் தடவினால் போதும். மேசைமேல் படுக்கும்போது தோலில் அப்பியது போலக் கனமாக இருக்கக்கூடாது, ஏனென்றால் கனமான அடுக்கு கதிரின் முழு வேகத்தைத் தோல்பக்கம் இழுத்துவிடும். எத்தனை மணி நேரம் முன்பு நிறுத்த வேண்டும் என்பதில் மருத்துவமனைக்கு மருத்துவமனை வழக்கம் மாறும். கேட்டுக்கொள்ளுங்கள். சிகிச்சை முடிந்து வீடு வந்ததும் ஒரு தடவை, படுக்குமுன் ஒரு தடவை என்பது பெரும்பாலும் ஒத்துவரும். மார்பகச் சிகிச்சையில் சிலருக்கு ஸ்டீராய்டு களிம்பு தருவார்கள். அது எரிச்சலைக் குறைப்பது நிரூபிக்கப்பட்ட ஒன்றுதான், ஆனால் பக்கத்து மருந்துக்கடையில் பெயர் சொல்லி வாங்கித் தடவும் பொருள் அல்ல.

மஞ்சள் கிழங்கை உரைத்துப் பூசுவதை இக்காலத்தில் நிறுத்திவிட வேண்டும். மஞ்சள் தீமை என்பதற்காகச் சொல்லவில்லை. கல்லில் உரைத்த துகள் தோலை உராயும், மைக்கோட்டை அழிக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக, தோலின் நிறம் மாறுவதை மறைத்துவிடும். சோற்றுக்கற்றாழைச் சோற்றைப் பறித்து அப்படியே தடவினால் குளுகுளுவென்று இருக்கும். ஆனால் கதிர்ப் புண்ணைத் தடுக்கும் என்று ஆய்வுகளில் தெளிவாகக் காட்டப்படவில்லை, அதன் மஞ்சள் பால் சிலருக்கு அரிப்பைத் தரும். வலித்தைலம், டால்கம் பவுடர், வாசனைத் திரவியம், சூட்டு ஒத்தடம், ஐஸ்கட்டி, ஒட்டும் பிளாஸ்திரி ஆகிய எதுவும் அந்த இடத்துக்கு வேண்டாம். சவரத்துக்கு பிளேடு கூடாது, மின்சார ரேசர் ஆகும்.

உடையில் கவனிக்க வேண்டியது இறுக்கம். இடுப்புக்குச் சிகிச்சை பெறும் பெண்கள் பாவாடை நாடாவை வழக்கம்போல இறுக்கிக் கட்டினால், நாடா பதியும் அதே இடத்தில்தான் தோல் முதலில் கறுத்து உரிகிறது. அந்த மாதங்களுக்குத் தளர்வான பருத்தி நைட்டி போதும். ஆண்கள் அரைஞாண் கயிற்றையும் இறுக்கமான எலாஸ்டிக் உள்ளாடையையும் தளர்த்த வேண்டும். மார்பகத்துக்கானால் கம்பி வைத்த உள்ளாடையும் கைக்குழி இறுகிய ஜாக்கெட்டும் வேண்டாம். கழுத்துக்குச் சிகிச்சை பெறுபவர்கள் காலர் இல்லாத சட்டை அணிய வேண்டும், சங்கிலியைக் கழற்றி வைக்க வேண்டும். தாலிக்கொடியைக் கழற்ற மனம் ஒப்பாதவர்களை நான் வற்புறுத்த மாட்டேன். சிகிச்சை மேசையில் படுக்கும் நேரம் மட்டும் கழற்றி, மற்ற நேரம் மெல்லிய பருத்தி நூலில் கோத்து ஆடைக்கு வெளியே விட்டுக்கொள்வதற்கு மருத்துவமனையில் யாரும் தடை சொல்ல மாட்டார்கள்.

வெயிலும் வயல்வேலையும் தனியாகச் சொல்ல வேண்டியவை. கதிர் பட்ட தோல் வெயிலுக்கு எளிதில் கருகும், அந்தக் குணம் சிகிச்சை முடிந்த பிறகும் போகாது. தருமபுரியிலிருந்து தினமும் சேலத்துக்குப் போய்வருகிறவர்கள் பேருந்தில் வலப்பக்கம் உட்கார்ந்தால், காலையில் தெற்கே போகும்போது கிழக்கு வெயிலும், பிற்பகலில் வடக்கே திரும்பும்போது மேற்கு வெயிலும் இடப்பக்கத்து ஜன்னலோடு நின்றுவிடும். காரில் போனால் சீட் பெல்ட்டுக்கும் மார்புக்கும் இடையில் மடித்த மென்துணியை வையுங்கள், பெல்ட்டைக் கழற்ற வேண்டாம். மாம்பழக் காலத்தில் கிருஷ்ணகிரிப் பக்கத்தில் சிகிச்சையில் இருப்பவர்கள் தோப்புக்குள் காய் பறிக்கப் போகக்கூடாது. காம்பிலிருந்து பீறிடும் மாம்பால் நல்ல தோலையே வெந்து கறுக்கச் செய்யும், கதிர் பட்ட தோலில் அது ஆழமான புண்ணாகிவிடும். பூந்தோட்டங்களுக்கும் தக்காளிக்கும் மருந்தடிக்கும் வேலையையும் வேறொருவரிடம் விட்டுவிடுங்கள்.

புண் வந்துவிட்டால்

தோல் கழன்று நீர் கசியத் தொடங்கியதும் அன்றைக்கே மருத்துவமனையில் காட்டுங்கள், அடுத்த பார்வை நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். கொப்புளத்தை உடைக்கக்கூடாது. பஞ்சை நேராக வைத்தால் இழை ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது புதுத்தோலும் சேர்ந்து வரும். ஒட்டாத கட்டுத்துணிகள் இதற்கென்றே இருக்கின்றன. உப்புநீரால் கழுவச் சொல்லியிருந்தால், அரை லிட்டர் நீரைக் கொதிக்கவைத்து ஆற்றி, அதில் தலைதட்டிய ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்துக்கொள்ளலாம். ஊதா நிற மருந்தை, அதாவது ஜென்ஷன் வயலட்டை, சில மருத்துவமனைகளில் இன்றும் பூசுகிறார்கள். அது புண்ணைக் காயவைத்து இறுக்குகிறது என்பதால் பல இடங்களில் கைவிட்டுவிட்டார்கள். எழுதித் தந்தால் பூசுங்கள், நீங்களாக வாங்க வேண்டாம். புண்ணிலிருந்து சீழ் வந்தாலோ, நாற்றம் வீசினாலோ, காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, குறிப்பாகக் கீமோவும் நடக்கிறதென்றால், இரவானாலும் உடனே கிளம்ப வேண்டும். புகைபிடிப்பதும் புகையிலை போடுவதும் புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும். அதை நிறுத்தாமல் களிம்பை மட்டும் மாற்றி மாற்றித் தடவிப் பயனில்லை.

மறுபடி நீரில் இறங்குவது

சிகிச்சை முடிந்து, உரிதலும் கசிவும் நின்று, புதுத்தோல் முழுதாக மூடிய பிறகே நீச்சலை நினைக்கலாம். பலருக்கு அதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும், மடிப்புகளில் புண் வந்தவர்களுக்கு இன்னும் நீளும். தொடர்பார்வைக்குப் போகும்போது ‘டாக்டர், குளத்தில் எப்போது இறங்கலாம், கிணற்றில் எப்போது’ என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள், ஏனென்றால் இரண்டுக்கும் பதில் ஒன்றாக இருக்காது. முதல் நாள் குளோரின் குளத்தில் 10 நிமிடம் மட்டும் இறங்கி, மறுநாள் காலை அந்த இடத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். சூடோ அரிப்போ புதுக் கறுப்போ இருந்தால் இன்னும் இரண்டு வாரம் பொறுக்க வேண்டும். ஒன்றுமில்லையென்றால் சிறிது சிறிதாக நேரத்தைக் கூட்டலாம்.

அக்குளில் நெறிக்கட்டியை, அதாவது நிணநீர் முடிச்சை, அறுவையில் எடுத்து, அங்கேயும் கதிர் வாங்கிய பெண்களுக்கு நீச்சல் தோள் விறைப்பைத் தளர்த்த நல்ல பயிற்சி. அதற்கு முன் பிசியோதெரபிஸ்ட் சொல்லும் கையசைவுகளைத் தரையில் செய்து பழகியிருக்க வேண்டும். நீந்திய அன்று கை கனப்பதாகவோ, மோதிரமும் வளையலும் இறுகுவதாகவோ தெரிந்தால் அது நிணநீர் தேங்கிக் கை வீங்குவதன் தொடக்கமாக இருக்கலாம், காட்டிவிடுங்கள். காலை 10 மணிக்கு முன்போ மாலை 4 மணிக்குப் பின்போ நீந்துவதும், கதிர் பட்ட இடத்தை முழுக்கை நீச்சல் உடையால் மூடுவதும், மூட முடியாத கழுத்துக்கு எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத வெயில் தடுப்புக் களிம்பைத் தடவி, நீரிலிருந்து ஏறும் ஒவ்வொரு முறையும் மீண்டும் பூசிக்கொள்வதும் அந்த ஆண்டுக்கு மட்டுமல்லாமல் ஆயுள் முழுதும் தொடர வேண்டியவை.